மலைவெளியில் பத்தொன்பது பேர்

எனக்கு ஒன்பது வயதான கோடையில் பெரியப்பா என்னிடம் ஒரு பொறுப்பைத் தந்தார். எங்கள் ஆட்கள் மலைவெளியில் நடக்கும்போது அவர்களை எண்ணிக்கொண்டு வரவேண்டும். எங்கள் குடும்பத்தில் எதையும் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு மட்டும்தான் இருந்தது. பிரிட்ஜில் எத்தனை முட்டை மிச்சம், ஒஸ்லோவின் ஓரத்தில் நாங்கள் இருந்த அம்மருட்டிலிருந்து நகரத்துக்குப் போகும் தேபானெ ரயில் எத்தனை இடத்தில் நிற்கும், வகுப்பில் யார் யாருக்குப் பல் விழுந்துவிட்டது, எல்லாம் என் கொப்பியில் இருந்தன. ஆகவே அந்த வேலை எனக்கு வந்ததில் யாரும் ஆச்சரியப்படவில்லை.

நடக்கும் யோசனை பள்ளிக்கூடத்தால் வந்தது. விடுமுறை முடிந்து போனதும் எங்கள் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து தான் கோடையில் என்ன செய்தது என்று சொல்லவேண்டும். நோர்வேப் பிள்ளைகள் எல்லாரும் மலையில் நடந்திருப்பார்கள். எங்கள் பிள்ளைகள் லண்டனில் ஒரு கல்யாணத்துக்கும் ஜெர்மனியில் பெரியபிள்ளையான ஒருத்தியின் சாமத்திய வீட்டுக்கும் போயிருப்பார்கள். இதைக் கேள்விப்பட்ட பெரியப்பா, எங்கள் பிள்ளைகளும் மலையில் நடக்கவேண்டும் என்று தீர்மானித்தார். அவர் அந்த வருடம்தான் லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கியிருந்தார். அதற்குப் பிறகு எந்த விஷயத்திலும் அவருடைய பேச்சுக்கு ஒரு மாடி கூடியிருந்தது.

ஐந்து குடும்பங்கள், பத்தொன்பது பேர். ஸ்டோவ்னர் சென்டருக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை காலை வாடகை பஸ்ஸில் ஏறினோம். நோர்வேக்காரர் மலைக்குப் போனால் இரண்டு துண்டு பாணைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு போவார்கள். எங்கள் சாமான்களை பஸ் ஏறும்போதே எழுதிக்கொண்டேன்: இடியப்பம் நூற்றைம்பது, இறைச்சிக்கறி ஒரு பெரிய சட்டி, பருப்பு ஒரு சின்னச் சட்டி, ரோல்ஸ் அறுபது, தேத்தண்ணிப் பிளாஸ்க் ஐந்து, ஐஸ்கிறீம் பெட்டி ஒன்றில் சம்பல். மழைச்சட்டைகளை யாரும் எண்ணச் சொல்லவில்லை. அவை மொத்தம் ஏழு என்பது பிறகு தெரியவந்தது.

மூன்று மணித்தியாலம் ஓடி பஸ் எங்களை இறக்கிய இடத்தில் மரமே இல்லை. கண்ணுக்கு எட்டும்வரை முழங்கால் உயரச் செடிகளும் சதுப்பும் கல்லும். இடையிடையே வானத்தின் நிறத்தில் சின்னச் சின்ன நீர்நிலைகள். கழுத்தில் மணி கட்டிய ஆடுகள் எங்களைப் பார்த்துவிட்டுத் தங்கள் பாட்டில் மேய்ந்தன. பாதை என்று தனியாக ஒன்றும் இல்லை. சற்றுத் தூரத்துக்கு ஒரு கற்குவியல், அதன் உச்சிக் கல்லில் சிவப்பு நிறத்தில் ஓர் எழுத்து. ஒரு கல்லிலிருந்து பார்த்தால் அடுத்த கல் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு போவதுதான் பாதை.

“பத்துக் கல்லுக்கு ஒருக்கா நிண்டு எண்ணவேணும்,” என்றார் பெரியப்பா. முந்தின வருடம் கடற்கரைக்குப் போய்த் திரும்பும்போது ஒரு பெற்றோல் நிலையத்துக் கழிப்பறையில் ஒரு மாமாவை விட்டுவிட்டு வந்திருந்தோம். அந்த மாமா அதை இன்னும் மறக்கவில்லை.

நான் கொப்பியைத் திறந்து பத்தாவது கல்லில் பெயர்களை வாசிக்கத் தொடங்கினேன். ஆறாவது பெயரில் பெரியப்பா நிறுத்தினார்.

“பேர் வாசிச்சுக்கொண்டு நிண்டால் பொழுது பட்டிடும் பிள்ளை. தலையை எண்ணு. எண்ணிக்கை சரியெண்டால் ஆக்களும் சரி.”

அது எனக்கு மிகவும் நியாயமாகப் பட்டது. தலைகளை எண்ணினேன். பத்தொன்பது. இருபதாவது கல்லில் பத்தொன்பது. முப்பதாவது கல்லில் பத்தொன்பது. “கெட்டிக்காரி, நடவுங்கோ,” என்பார் பெரியப்பா. எண்ணாத நேரத்தில் சும்மா இருக்க முடியாமல் ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் அடையாளம் எழுதிக்கொண்டு போனேன். முப்பத்தொன்று, ஆட்டு எலும்பு. முப்பத்திரண்டு, பலகைப் பாலம்.

எல்லாருக்கும் கடைசியாக மாமி வந்துகொண்டிருந்தார். மாமி அப்பாவின் தங்கை, எங்களோடு அம்மருட்டில் இருந்தவர். எங்கே போனாலும் அவர் கடைசியாகத்தான் நடப்பார். அழுகிற பிள்ளை, கழன்ற சப்பாத்து, விழுந்த தொப்பி எல்லாம் கடைசியில் நடக்கிறவருக்குத்தான் வந்து சேரும். அன்று சம்பல் பெட்டியும் இரண்டு பிளாஸ்க்கும் அவருடைய பையில் இருந்தன.

முப்பத்துமூன்றாவது கல்லில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தார். மலைச்சப்பாத்து, இரண்டு கைத்தடி, கழுத்தில் விசில், மடியில் வரைபடம். நோர்வேக்காரரைப் போலத் தயாராக வந்திருந்தார். ஆனால் எங்கள் சத்தம் கேட்டதும் துள்ளி எழும்பினார்.

“நீங்க தமிழா? மலை மேல தமிழ் கேக்குதே, எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு நினைச்சேன்!”

“ஓம் பிள்ளை, தமிழ்தான். தனியவோ வந்தனீங்கள்?” என்றார் பெரியம்மா.

“ஆமாங்க. வேலைக்கு வந்து மூணு மாசம் ஆச்சு. ஆபீஸ்ல எல்லாரும் மலைக்குப் போ, மலைக்குப் போன்னாங்க. சரின்னு வந்துட்டேன்.”

“என்ன சாப்பிட்டனீங்கள்?”

“பிரெட்.”

“பாணோ!” என்றார்கள் மூன்று பெண்கள் ஒரே நேரத்தில். அந்த ஒரு சொல்லோடு அவர் எங்கள் ஆளாகிவிட்டார். ஊர் எது, அப்பா அம்மா என்ன செய்கிறார்கள், கல்யாணம் பேசுகிறார்களா, ஒஸ்லோவில் அரிசி எங்கே வாங்குகிறார் என்ற கேள்விகள் அவரைச் சூழ்ந்துகொண்டு நடந்தன. அவர் ஆமா என்பதையும் நாங்கள் ஓம் என்பதையும் பிள்ளைகள் மாறிமாறிச் சொல்லிச் சிரித்தோம். நான் ஒழுங்காக எழுதினேன்: முப்பத்துமூன்று, இந்தியா அக்கா. முப்பத்துநான்கு, பாறைக்குப் பின்னால் தண்ணி.

நாற்பதாவது கல்லில் எண்ணினேன். பத்தொன்பது. “சரி, நடவுங்கோ.” ஐம்பதாவது கல்லில் ஒரு பெரிய நீர்நிலையின் கரையில் துணி விரித்தோம். அங்கேயும் பத்தொன்பது.

இடியப்பம் தட்டுகளுக்கு வந்தது. கறி வந்தது. அப்போதுதான் பெரியப்பா கேட்டார்.

“சம்பல் எங்கை?”

“மாமியிட்டை,” என்றார் அம்மா.

“மாமி எங்கை?”

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். நாங்கள் வந்த வழியில் அரை மணித்தியாலத்துக்கு முன்பு மலை இருந்தது. இப்போது அந்த இடத்தில் வெள்ளையாகப் பனிப்புகார் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கற்களுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

“இவள் எண்ணினவளெல்லோ, பத்தொன்பது எண்டவளெல்லோ,” என்று பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் திரும்ப எண்ணினேன். பத்தொன்பது. இன்னொரு முறை எண்ணினேன். மாமி இல்லை, ஆனால் எண்ணிக்கை பத்தொன்பது.

இந்தியா அக்கா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். “பாப்பா, என்னையும் சேர்த்தா எண்ணின?”

“ஓம்.”

இப்போது நான் தரவுகளோடு வேலை செய்கிறேன். இரண்டு பட்டியல்களின் கூட்டுத்தொகை ஒன்றாக இருந்தாலும் பட்டியல்கள் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க நேரும்போதெல்லாம் அந்த ஐம்பதாவது கல் நினைவுக்கு வரும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், சம்பலைத் தேடியிருக்காவிட்டால் மாமியை யாரும் தேடியிருக்க மாட்டோம் என்பதும், அதற்குக் காரணம் நான் என்பதும்தான்.

அப்பா எழும்பிவிட்டார். பெரியப்பா எல்லா ஆம்பிளைகளும் ஆளுக்கொரு பக்கம் போய்த் தேடவேண்டும் என்றார். இந்தியா அக்காதான் தடுத்தார். “இந்தப் பனியில ஆளுக்கொரு பக்கம் போனா, ஆளுக்கொரு பக்கம் தொலைவீங்க சார். மூணு பேர் போதும். ஒருத்தர் கல்லை விட்டு அசையக்கூடாது, விசில் ஊதிட்டே இருக்கணும். மத்தவங்க அந்தச் சத்தம் கேக்கிற தூரத்தைத் தாண்டக்கூடாது.” பெரியப்பாவை சார் என்று அதுவரை யாரும் அழைத்ததில்லை. அவர் உடனே ஒப்புக்கொண்டார்.

பிறகு அக்கா என் கொப்பியை வாங்கிப் பார்த்தார். முப்பதாவது கல்லில் நான் எண்ணியது உண்மையான பத்தொன்பது. நாற்பதாவதில் எண்ணியது அவரையும் சேர்த்து. ஆகவே மாமி நின்றது முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடையில். கற்களில் இலக்கம் கிடையாது. எந்தக் கல் எது என்று என் அடையாளங்களை வைத்துத்தான் சொல்ல முடியும்.

“பிள்ளையை அதுக்குள்ளை கொண்டு போகப்போறியளோ!” என்றார் அம்மா.

“அவளுக்குத்தான் கல்லுத் தெரியும்,” என்றார் அப்பா.

அப்படித்தான் நாங்கள் மூன்று பேரும் திரும்பி நடந்தோம். முன்னால் அப்பா, நடுவில் நான், பின்னால் அக்கா. ஒரு கல்லில் அக்கா நிற்பார். அப்பா முன்னே போய் அடுத்த கல்லைக் கண்டு “இருக்கு!” என்று கத்துவார். பிறகு நாங்கள் போவோம். ஒவ்வொரு கல்லிலும் அப்பா வாயைக் குவித்து “தங்கச்சி!” என்று கூப்பிட்டார். பனிப்புகார் அந்தச் சத்தத்தை அப்படியே குடித்தது. எங்கேயோ ஓர் ஆட்டு மணி மட்டும் கேட்டது. எனக்கு அழுகை வந்தது, ஆனால் அழுதால் கல்லின் கணக்கு விட்டுப்போகும் என்பதால் அடக்கிக்கொண்டேன். அக்கா என் தோளில் கை வைத்தபடி வந்தார். “நீ எழுதி வெச்சதாலதான் இப்போ எங்க தேடணும்னு தெரியுது,” என்று ஒருமுறை சொன்னார். அந்த வாக்கியத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

முப்பத்துநான்காவது கல்லில் அக்கா நின்று விசில் ஊதினார். அப்பா முப்பத்துமூன்றைத் தேடிப் போனார். நான் கொப்பியைப் பார்த்தேன். பாறைக்குப் பின்னால் தண்ணி. அந்தப் பாறை பத்துப் பதினைந்து அடியில்தான் இருந்தது. அக்காவிடம் கையைக் காட்டிச் சொல்லிவிட்டு அதைச் சுற்றிப் போனேன்.

மாமி அங்கே இருந்தார்.

ஒரு தட்டையான கல்லில் உட்கார்ந்து, அம்மாவிடம் இரவல் வாங்கிய காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக் காலைத் தண்ணீருக்குள் விட்டிருந்தார். சப்பாத்தும் காலுறையும் ஒரு பக்கத்தில் ஒழுங்காக இருந்தன, பக்கத்தில் பை. தலைமுடியை அவிழ்த்து விட்டிருந்தார். அவருக்கு அவ்வளவு முடி இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. அழவில்லை, நித்திரையாகவும் இல்லை. என்னைக் கண்டதும் திடுக்கிடவும் இல்லை. உதட்டில் விரலை வைத்தார்.

பிறகு கல்லில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

“சப்பாத்தைக் கழட்டு,” என்றார் மெதுவாக.

நான் கழற்றினேன். பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீருக்குள் காலை விட்டேன். அக்காவின் விசில் கேட்டது. அதற்கு அப்பாலிருந்து அப்பாவின் குரல், “தங்கச்சி!” நான் மாமியைப் பார்த்தேன்.

“கேக்குது,” என்றார் மாமி. “கொஞ்சம் இரு.”

என்ன செய்வது என்று தெரியாதபோது எண்ணுவது என் வழக்கம். எண்ணினேன். இருபத்தைந்தில் அப்பா மறுபடியும் கூப்பிட்டார். பதில் சொன்னால் மாமிக்குத் துரோகம், சொல்லாவிட்டால் அப்பாவுக்கு. அறுபதைத் தாண்டியபோது அப்பாவின் குரல் மூன்றாவது முறை வந்தது. இந்த முறை அது அவருடைய குரலைப் போலவே இல்லை. சொல்லின் பாதியில் உடைந்து போயிற்று.

மாமி உடனே காலைத் தண்ணீரிலிருந்து எடுத்தார். இரண்டு கையாலும் முடியைச் சுருட்டிக் கொண்டையாக முடிந்தார். எழும்பி நின்று கத்தினார்.

“அண்ணை! இஞ்சை நிக்கிறன்!”

அப்பா செடிகளுக்குள் தடுக்கி விழுந்தெழும்பி ஓடிவந்தார். மாமியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டார். மறுபடியும் கழற்றித் துடைத்தார்.

“என்னடி நடந்தது?”

“கால் நொந்தது அண்ணை. கொஞ்ச நேரம் இருப்பம் எண்டு இருந்தனான். அப்பிடியே நித்திரையாப் போனன்.”

“இவ்வளவு கூப்பிட்டும் கேக்கேல்லையோ?”

“இல்லை.”

நான் குனிந்து ஈரக்காலில் காலுறையை இழுத்துக்கொண்டிருந்தேன். அது ஏறமாட்டேன் என்றது. அப்பா என் காலைப் பார்த்தார். மாமியின் மடித்த காற்சட்டையைப் பார்த்தார். “வாங்கோ, குளிரப்போகுது,” என்று மட்டும் சொல்லி மாமியின் பையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

ஐம்பதாவது கல்லில் பெரியப்பா காத்திருந்தார். “மலையிலை நித்திரையோ? ஊர் உலகத்திலை ஆராவது மலையிலை நித்திரை கொள்ளுவினமோ?” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீயும்தான். என்னத்தை எண்ணினனீ?”

“பிள்ளையை ஒண்டும் கேக்காதேங்கோ பெரியண்ணை,” என்றார் மாமி. “அவள் சரியாத்தான் எண்ணினவள். சொல்லாமல் கொள்ளாமல் நிண்டது நான். பிழை என்ர.”

“இல்லைங்க, நான் நடுவுல வந்து சேர்ந்ததாலதான்,” என்று அக்கா தொடங்க, கறி சூடாறிப் பாறாங்கல்லாகிறது என்று பெரியம்மா எல்லாருடைய பிழைகளையும் ஒரேயடியாக முடித்துவைத்தார். சம்பல் திறக்கப்பட்டது. அக்கா இடியப்பத்தைக் கையால் பிசைந்து நான்கு முறை வாங்கிச் சாப்பிட்டார். திரும்பும்போது பெரியப்பாவே பத்துக் கல்லுக்கு ஒருமுறை நின்று, இருபது பெயர்களையும் உரத்து வாசித்தார். பனிப்புகாருக்குள்ளிருந்து ஒவ்வொருவராக “ஓம்” என்றோம். ஒரு குரல் மட்டும் “ஆமா” என்றது. எங்கள் பஸ்ஸில் இடமிருந்தது, அக்காவும் எங்களோடுதான் ஒஸ்லோவுக்கு வந்தார். அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் தைப்பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

மலையில் நித்திரை கொண்டவர் என்ற பெயர் மாமிக்கு ஒட்டிக்கொண்டது. கொண்டாட்டங்களில் யாராவது கொட்டாவி விட்டால் மாமியைப் பார்த்துச் சிரிப்பார்கள். “சம்பலைப் பாத்துக்கொள்ளுங்கோ, மாமிக்கு நித்திரை வருது!” மாமியும் சிரிப்பார். ஒருநாளும் மறுத்துச் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. பெரியப்பாவின் ஏச்சிலிருந்து என்னைக் காப்பாற்றத்தான் மாமி அந்தப் பொய்யைச் சொன்னார் என்று அப்போது நம்பினேன். அந்த நன்றிக்காகப் பல மாதங்கள் அவருடைய சப்பாத்துகளைத் துடைத்து வைத்தேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

எனக்கு இப்போது முப்பத்தொரு வயது. ஒற்றை அறை வீடு ஒன்றில் தனியாக இருக்கிறேன். வேலை முடிந்து வந்து கதவைச் சாத்தினால் அடுத்த நாள் காலைவரை என்னை யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். மாமிக்கு அந்தக் கோடையில் முப்பத்துநான்கு வயது. விடியற்காலை ஐந்து மணிக்கு அலுவலகங்களைத் துப்புரவாக்கப் போவார். பத்து மணிக்குத் திரும்பி வந்தால் சின்னவனாக இருந்த என் தம்பியைப் பார்ப்பார், சமைப்பார், பள்ளிக்கூடத்திலிருந்து என்னைக் கூட்டிவருவார். படுப்பதும் எங்கள் அறையில்தான். அவர் நோர்வேக்கு வந்து அப்போது ஏழு வருடம். அந்த ஏழு வருடத்தில் மாமி யாருடைய கண்ணிலும் படாமல் எத்தனை மணித்தியாலம் இருந்திருப்பார் என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முப்பத்துமூன்றாவது கல்லில் எல்லாரும் புதிதாக வந்த ஒருவரைச் சூழ்ந்துகொண்டு நடந்த அந்த நிமிடத்திலிருந்து, நான் பாறையைச் சுற்றி வந்த நிமிடம்வரை. அவ்வளவுதான் தேறியது.

அந்த நேரத்துக்குள் கூப்பிடாமல் நுழைந்தவள் நான். என்னைக் கண்டவுடனே அவர் முடியை முடிந்துகொண்டு எழும்பியிருக்கலாம். வேறு யாரைக் கண்டிருந்தாலும் அவர் அப்படித்தான் செய்திருப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் கல்லில் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார், சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். எனக்கு அப்போது தண்ணீர் மிகவும் குளிர்கிறது என்பது மட்டும்தான் தெரிந்தது.